மாரிக்கு முன் சில காலைகள்

தங்கச்சியின் முன்பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தில் ஆண்டுக்குப் பருவங்கள் நான்கு என்று போட்டிருக்கிறது. மூன்றாவது படம் இலையுதிர்காலம். செம்மஞ்சள் இலைகளுக்கு நடுவே ஒரு தாய், ஒரு தகப்பன், இரண்டு பிள்ளைகள். நால்வரும் இலைகளை அள்ளி ஒருவர் மேல் ஒருவர் வீசுகிறார்கள். தங்கச்சி நிறம் தீட்டி முடித்துவிட்டுக் கேட்டாள்: "ராத்தா, நமக்கு இது எப்ப வரும்?"

வராது என்பதுதான் சரியான விடை. இலங்கை நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் நாடு. எமது பருவங்களைக் குளிரும் வெப்பமும் தீர்மானிப்பதில்லை. காற்றும் மழையும்தான் தீர்மானிக்கின்றன. ஆனால் அந்தப் படத்தில் எமக்குக் கிடைக்காதது செம்மஞ்சள் இலை ஒன்றுதான். திறந்த வெளி எமக்கும் இருக்கிறது. சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள். தாயும் தகப்பனும் இருக்கிறார்கள். இத்தனையும் இருந்தும் அப்படியொரு காட்சியை எங்கள் ஊரில் நான் அரிதாகவே காண்கிறேன். அதிலும் அந்தத் தாயை மிக மிக அரிதாகவே காண்கிறேன். இதற்குப் புவியியலைக் குறை சொல்ல முடியாது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

குளிர் நாடுகளில் இலையுதிர்காலம் என்பது குடும்பங்களுக்கு ஓர் அவசரக் காலம். பகல் குறுகிக்கொண்டு வரும். பனி வந்துவிட்டால் சிறு பிள்ளைகளை வெளியே கொண்டு போவது சிரமம். ஆகவே கிடைக்கிற வெயிலை வீணாக்காமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காட்டுப் பாதைக்கும் தோட்டத்துக்கும் போகிறார்கள். நோர்வேயில் இலையுதிர்காலப் பாடசாலை விடுமுறைக்கு ஒரு காலத்தில் 'உருளைக்கிழங்கு விடுமுறை' என்று பெயர். நிலம் உறையுமுன் கிழங்கு கிண்டி எடுக்கப் பிள்ளைகளின் கைகளும் வேண்டியிருந்தன. இன்று கிழங்கை இயந்திரம் கிண்டுகிறது. ஆனாலும் விடுமுறையை அவர்கள் நிறுத்தவில்லை. பிள்ளைகள் மண்ணிலும் காற்றிலும் இருக்க வேண்டிய நாட்கள் அவை என்று அந்தச் சமூகம் விளங்கி வைத்திருக்கிறது.

எமக்கும் அப்படியொரு காலம் உண்டு. அதற்கு நாம் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் ஊர் காத்தான்குடி. கிழக்கே கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி. இடையில் நெருக்கமான வீடுகளும், பிரதான வீதியின் நடுவே பேரீச்சை மரங்களும். மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மறுபக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் எல்லாம் வற்றிச் சுடுகாற்றாக எங்கள் பக்கம் இறங்குகிறது. அதைத்தான் கச்சான் என்கிறோம். பகலில் சின்னப் பிள்ளைகளை வெளியே நிற்பாட்ட முடியாது. பிறகு மாரி. மட்டக்களப்பின் ஆண்டு மழையில் பெரும் பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில்தான் பெய்கிறது. நவம்பர் நடுப்பகுதி தாண்டினால் முற்றத்தில் வெள்ளம், கொடியில் காயாத உடுப்பு, வீட்டில் எல்லாருக்கும் தடிமன். கச்சான் அடங்கி, அடைமழை தொடங்காத ஓர் இடைவெளி செப்டெம்பர் கடைசியிலிருந்து ஐந்தாறு கிழமைகளுக்குக் கிடைக்கும். உயர்தரப் புவியியலில் இதை இரண்டாம் இடைமொன்சூன் காலம் என்று படிக்கிறோம். பின்னேரங்களில் இடியும் மின்னலுமாக மழை வரும். காலைகள் பெரும்பாலும் தெளிவானவை. அந்தக் காலைகள்தான் எங்கள் இலையுதிர்காலம்.

அந்தக் காலைகளில் வெளியே என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. வடக்கே இலை உதிரத் தொடங்கும்போது அங்கிருந்து பறவைகள் புறப்படுகின்றன. அவற்றின் மத்திய ஆசியப் பறவைப் பாதை இலங்கையில் வந்துதான் முடிகிறது. உள்ளான்கள் கூட்டமாக வாவிக் கரைச் சேற்றில் இறங்கி இரை பொறுக்கும். இமயமலை அடிவாரத்திலிருந்து ஆறுமணிக் குருவி வரும். விடியலிலும் அந்தியிலும் கூவுவதால் அதற்கு அந்தப் பெயர். இலையுதிர்காலம் எமக்கு வராவிட்டாலும் அதிலிருந்து புறப்பட்ட பறவைகள் எங்கள் வாசல்வரை வருகின்றன. கடற்கரைப் பக்கம் நிற்கும் வாதுமை மரத்தின் அகன்ற இலைகள் விழுமுன் இரத்தச் சிவப்பாக மாறும். ஒரு பிள்ளையின் முகத்தை மறைக்கும் அளவுக்குப் பெரிய இலை அது. மணலில் இராவணன் மீசையின் காய்ந்த பூக்கொத்துகள் காற்றில் சக்கரம்போல் உருண்டோடும்; அவற்றைத் துரத்திப் பிடிப்பதைவிடச் சிறந்த ஓட்டப் பந்தயம் மூன்று வயதுப் பிள்ளைக்கு இல்லை. முதல் மழை பெய்த மறுநாள் பட்டுத் துணியில் வெட்டி எடுத்ததுபோலத் தம்பலப் பூச்சிகள் ஊரும். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்ட பின் படுவான்கரைக்குப் போவதும் இலகுவாகிவிட்டது. அந்தப் பக்கம் பெரும்போகத்துக்கு வயல் உழுது விதைக்கிறார்கள். உழவு இயந்திரத்துக்குப் பின்னால் கொக்குகள் வரிசையாக நடக்கும் காட்சியை எந்தக் கார்ட்டூனும் தராது. இவை எதற்கும் நுழைவுச் சீட்டுக் கிடையாது.

ஆனால் இவற்றைப் பார்க்க வேண்டிய பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? நாலு வயதுப் பிள்ளைக்குக் காலையில் முன்பள்ளி, பின்னேரம் ஓதப் போக வேண்டும், வந்ததும் எழுத்து வேலை. முதலாம் தரத்துக்குப் போனதும் ரியூஷன் சேர்ந்துகொள்கிறது. மூன்றாம் தரத்திலேயே புலமைப் பரிசில் பரீட்சையின் பேச்சுத் தொடங்கிவிடும். இடையில் கிடைக்கும் நேரத்தை உம்மாவின் போன் எடுத்துக்கொள்கிறது. பிள்ளை அழுதால் போன், சாப்பிடாவிட்டால் போன், விருந்தாளி வந்தால் சத்தம் போடாமல் இருக்கப் போன். இதற்காக நான் எந்த உம்மாவையும் குற்றம் சொல்ல மாட்டேன். காலையிலிருந்து இரவுவரை நிற்க நேரமில்லாதவருக்குப் பத்து நிமிட ஓய்வு தருவது அந்தப் போன் ஒன்றுதான்.

ஆயினும் சில உண்மைகளைப் பெற்றோர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி ஒன்று முதல் நான்கு வயதுவரையான பிள்ளைகள் ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடங்கள் உடலை அசைத்து ஓடியாட வேண்டும். இரண்டு வயது முதல் நான்கு வயதுவரை திரை பார்க்கும் நேரம் ஒரு மணித்தியாலத்துக்கு மேற்படக் கூடாது. அதற்கும் குறைவாக இருந்தால் நல்லது. தைவானில் குறும்பார்வை உள்ள பிள்ளைகள் மிகவும் பெருகியபோது, ஒரு நாளில் 120 நிமிடங்கள் பிள்ளைகளை வெளியே இருக்கச் செய்யும் திட்டத்தை 2010இல் பாடசாலைகளில் தொடங்கினார்கள். பகல் வெளிச்சம் கண்ணின் வளர்ச்சியை ஒழுங்குபடுத்துகிறது என்பதும், வெளியே அதிக நேரம் இருக்கும் பிள்ளைகளுக்குக் குறும்பார்வை குறைவாகவே வருகிறது என்பதும் பல ஆய்வுகளில் தெரிய வந்தவை. விளையாட்டு சலுகையும் அல்ல. ஐக்கிய நாடுகள் சபை 1989இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை விளையாட்டைப் பிள்ளையின் உரிமை என்கிறது. இலங்கை 1991இல் அதை ஏற்று உறுதி செய்த நாடு.

இதுவரை சொன்னதை எந்த ஆசிரியரும் எந்த மேடையிலும் சொல்லுவார். பெற்றோரும் தலையாட்டிக் கேட்பார்கள். "ஓம், பிள்ளைகளை வெளியே விளையாட விட வேண்டும்" என்பார்கள். என் கருத்து இதற்கு அடுத்த படியில் இருக்கிறது. பிள்ளைகளை வெளியே விட்டால் போதாது. நீங்களும் வெளியே வர வேண்டும். குறிப்பாக உம்மாமார் வர வேண்டும். வளர்ந்த பெண் பிள்ளைகளும் வர வேண்டும்.

எங்கள் வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். தம்பிக்கு ஒன்பது வயது. வாப்பாவின் மோட்டார் சைக்கிளில் முன்னால் இருந்து கடற்கரை, வாவி, வயல் எல்லாம் பார்த்தவன். தோணிக்கும் வள்ளத்துக்கும் வித்தியாசம் சொல்லுவான். அந்த முன் இருக்கை ஒரு காலத்தில் என்னுடையது. அவன் நிமிர்ந்து இருக்கப் பழகியதும் அது அவனுக்குப் போனது. "நீ இனி வராதே" என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. வண்டியில் இடம் போதவில்லை, அவ்வளவுதான். உம்மாவுக்கோ அந்த இருக்கை ஒருநாளும் இருந்ததில்லை. உம்மா வண்டியில் பின்னால் ஏறினால் அது கலியாண வீட்டுக்கு அல்லது ஆஸ்பத்திரிக்கு. கடல் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். இரவில் அலைச் சத்தம் கேட்கும். எனக்கும் உம்மாவுக்கும் கடல் பெரும்பாலும் ஒரு சத்தம்தான்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன். வகுப்பில் தோழிகளிடம் கேட்டேன். கடைசியாக உம்மாவோடு எப்போது வெளியே விளையாடினீர்கள் என்ற கேள்விக்குப் பலரும் சிரித்தார்கள். "உம்மாவோடா?" என்றார்கள். அந்தச் சிரிப்புத்தான் என்னை யோசிக்க வைத்தது. எமக்கு உம்மா என்றால் சோறு தருபவர், துணி துவைப்பவர், பாடம் கேட்பவர், காய்ச்சலில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவர். ஓடிப் பிடித்து விளையாடும் ஒருவராக அவரை எங்களால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவரும் ஒரு காலத்தில் கொக்கான் வெட்டியவர்தான். கிளித்தட்டில் கோடு காத்தவர்தான். எட்டுக்கோட்டில் கெந்தி வென்றவர்தான். அந்தப் பெண் எங்கே போனார் என்று நாம் யாரும் கேட்பதில்லை.

சிறு பிள்ளைக்கு இதனால் என்ன நட்டம்? பெரிய நட்டம் உண்டு. ஐந்து வயதுப் பெண் பிள்ளை ஒன்றைச் சொல்லிக் கொடுத்துக் கற்பதைவிடப் பார்த்துக் கற்பதுதான் அதிகம். வெளி என்பது வாப்பாவுக்கும் காக்காவுக்கும் உரியது, வீடு என்பது உம்மாவுக்கும் ராத்தாவுக்கும் உரியது என்பதை அவள் பார்த்தே படித்துவிடுகிறாள். பத்து வயதில் யாரும் தடுக்காமலே தானாக உள்ளே வந்துவிடுகிறாள். ஆண் பிள்ளையும் ஒன்றைப் படிக்கிறான். விளையாட்டும் வேடிக்கையும் பெண்களுக்கு வேண்டியதில்லை என்று படிக்கிறான். நாளை அவனும் ஒரு வாப்பா ஆவான்.

மார்க்கம் இதற்குத் தடை என்று நினைப்பவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் போட்டி வைத்தார்கள். அன்று ஆயிஷா நாயகி வென்றார்கள். பின்னொரு நாள் மீண்டும் ஓடியபோது நபியவர்கள் வென்றார்கள். இது ஹதீஸில் பதிவாகியிருக்கிறது. அபூ உமைர் என்ற சிறுவன் வளர்த்த சின்னக் குருவியைப் பற்றி அவனிடமே அன்பாக விசாரித்ததும் பதிவாகியிருக்கிறது. இவ்வளவு பெரிய பொறுப்புகளைச் சுமந்தவர்களுக்குக் குடும்பத்தோடு ஓடவும், ஒரு பிள்ளையின் குருவியைப் பற்றிக் கேட்கவும் நேரம் இருந்தது. நான் கேட்பது எந்த ஒழுக்க எல்லையையும் தாண்டும் காரியம் அல்ல. உடுப்பிலும் நடத்தையிலும் நாம் பேணுவதைப் பேணியே, குடும்பமாக, விடிந்தும் விடியாத நேரத்தில், ஒரு மணித்தியாலம்.

இதற்குச் சொல்லப்படும் மறுப்புகளை நான் அறிவேன். ஒவ்வொன்றும் நியாயமானது. ஆகவே ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல முயல்கிறேன்.

முதலாவது, கடல் பயம். 2004 டிசம்பர் 26 நான் பிறக்குமுன் நடந்தது. ஆனால் உம்மா கடலைப் பார்க்கும் பார்வையில் அது இன்னும் இருக்கிறது. எங்கள் கரையோரத்தில் அந்த நாளின் இழப்பு இல்லாத குடும்பங்கள் குறைவு. அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். அதே நாளில் தாய்லாந்தின் புக்கெட் தீவில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி தன் குடும்பத்தோடு கடற்கரையில் இருந்தாள். கடல் வழக்கத்துக்கு மாறாக நுரைத்து வருவதைக் கண்டாள். இரண்டு கிழமைகளுக்கு முன் புவியியல் வகுப்பில் படித்த சுனாமி அறிகுறி அது என்று தாய் தகப்பனிடம் சொன்னாள். கரையில் இருந்தவர்கள் வெளியேறித் தப்பினார்கள். கடலை அறிந்த பிள்ளைதான் கடலின் ஆபத்தையும் அறியும். நிலம் அதிர்ந்தால், நீர் திடீரென்று உள்வாங்கினால், எந்த வழியால் எங்கே ஓட வேண்டும் என்பதைக் கரையில் நின்று காட்டிக் கொடுப்பதைவிட நல்ல பாடம் உண்டா? கடலில் இறங்கச் சொல்லவும் இல்லை. நவம்பரை நெருங்கும்போது எங்கள் பக்கக் கடல் கொந்தளிக்கத் தொடங்கும். அப்போது இறங்கவே கூடாது. மணல் போதும்.

இரண்டாவது, நோய். மழை தொடங்கினால் டெங்கு என்பது உண்மை. முழுக்கைச் சட்டை போடலாம். வீட்டில் மழை பெய்த மறுநாள் சிரட்டை, டயர், பூச்சாடித் தட்டு எல்லாவற்றிலும் தேங்கிய நீரைக் கவிழ்ப்பதையே ஒரு விளையாட்டாக வைக்கலாம். யார் கூடுதலாகக் கண்டுபிடிப்பது என்று போட்டி வைத்தால் நாலு வயதுப் பிள்ளை வளவு முழுவதையும் சல்லடை போட்டுவிடும். இடி மின்னலுக்கும் ஒரே விதிதான். ஒக்டோபர்ப் பின்னேரங்களில் திறந்த வெளிக்குப் போக வேண்டாம். தூரத்தில் இடி கேட்டாலே வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். காலையைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் கவலை பாதி குறையும்.

மூன்றாவது, படிப்பு. உயர்தரம் படிக்கிற எனக்கு இந்தக் கவலை நன்றாகவே தெரியும். ஆனால் ஒரு கிழமையில் 168 மணித்தியாலங்கள். அதில் ஒன்றைத்தான் கேட்கிறேன். மேலும், உள்ளான் எத்தனை என்று எண்ணும் பிள்ளை கணிதம் செய்கிறது. ஈர மணலில் விரலால் எழுதும் பிள்ளை எழுத்துப் பழகுகிறது. "இது ஏன் சிவப்பு? அது எங்கே போகுது?" என்று கேட்கும் பிள்ளை விஞ்ஞானம் தொடங்கிவிட்டது. இவற்றுக்குப் புள்ளி இல்லை என்பதால் இவை படிப்பு இல்லை என்று ஆகிவிடாது.

நான்காவது, நேரமும் வேலையும். இதுதான் உண்மையான தடை. எங்களில் பல குடும்பங்கள் வருடத்துக்கு ஒருமுறை பெரிய பயணம் போகின்றன. வான் பிடித்து நுவரெலியா போவோம். முதல் நாள் இரவு முழுக்க உம்மாவும் சாச்சியும் மாமியும் கோழி பொரிப்பார்கள், சோறு கட்டுவார்கள். போன இடத்தில் பரிமாறுவார்கள். பிள்ளைகளுக்கு உடுப்பு மாற்றுவார்கள். வந்த பின் சட்டி பானை கழுவுவார்கள். படம் எடுக்கும் நேரத்தில் மட்டும் நிற்பார்கள். அது அவர்களுக்குப் பயணம் இல்லை. இடம் மாறிய அடுப்படி. ஆகவே என் யோசனை மிகச் சிறியது. ஒக்டோபர் மாதத்தில் கிழமைக்கு ஒரு காலை. சுபஹ் தொழுததும் புறப்பட வேண்டும். ஆறு மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும். ஏழு மணிக்குத் திரும்பிவிடலாம். சாப்பாடு கட்ட வேண்டாம். ஒரு போத்தல் தண்ணீர் போதும். வரும் வழியில் கடையில் இடியப்பமும் சம்பலும் வாங்கி வந்தால் அன்று அடுப்பும் சற்று ஓய்வெடுக்கும். இதை வாப்பாமார்தான் முன்னின்று செய்ய வேண்டும். "வாங்க" என்று சொல்வதோடு நிற்காமல் பிள்ளைக்குச் செருப்புப் போட்டு விடுவதும், தண்ணீர்ப் போத்தலைத் தூக்குவதும் அவர்கள் வேலையாக இருக்கட்டும்.

ஐந்தாவது, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பது. முதல் குடும்பத்தைப் பார்த்து ஏதாவது சொல்வார்கள். ஐந்து குடும்பங்கள் போனால் அது வழக்கமாகிவிடும். கடற்கரை மணலில் படரும் அடம்பன் கொடியைப் பாருங்கள். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று எங்கள் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. அயல் வீட்டுக்காரரும் சொந்தக்காரரும் சேர்ந்து போகலாம். பெண்கள் கூட்டமாக இருந்தால் பாதுகாப்பும் கூடும், கூச்சமும் குறையும்.

அங்கே போய் என்ன விளையாடுவது என்பது கடினமான கேள்வியே இல்லை. இரண்டு மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு சிரட்டையும் ஈர மணலும் கொடுங்கள். சோறு கறி ஆக்கித் தரும், நீங்கள் சாப்பிடுவதுபோல் நடித்தால் போதும். நாலைந்து வயதுப் பிள்ளைக்கு ஐந்து பொருட்களைத் தேடச் சொல்லுங்கள்: ஒரு சிவப்பு இலை, ஓட்டை உள்ள சிப்பி, ஒரு இறகு, வழுவழுப்பான கல், நண்டின் வளை. ஆறேழு வயதுப் பிள்ளைக்கு உங்கள் காலத்து விளையாட்டைச் சொல்லிக் கொடுங்கள். மணலில் எட்டுக்கோடு கீற ஒரு குச்சி போதும். ஆனால் ஒரு நிபந்தனை. நீங்களும் கெந்த வேண்டும். கரையில் நின்று "கவனம், விழுந்துடுவாய்" என்று கத்திக்கொண்டிருப்பது விளையாட்டாகாது. போன் வீட்டில் இருக்கட்டும், அல்லது ஒருவரின் பைக்குள் இருக்கட்டும். பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும்போது அங்கே முகம் இருக்க வேண்டும், போனின் முதுகு இருக்கக் கூடாது.

என் தோழிகளுக்கும் ஒரு வார்த்தை. எங்களில் பலருக்கு வீட்டில் தம்பி தங்கச்சிமார் இருக்கிறார்கள். "பாடம் இருக்கு, தொல்லை தராதே" என்று அவர்களை அனுப்பிவிடுவது எங்களுக்கு இலகு. ஆனால் உம்மாவை வெளியே அழைக்கக் கூடியவர்களும் நாங்கள்தான். வீட்டு வேலையில் பாதியை முதல் நாள் இரவே நாங்கள் முடித்துவிட்டால் உம்மாவிடம் மறுப்பதற்குக் காரணம் இருக்காது. உம்மம்மாவிடம் போய் அவர் சிறு வயதில் என்ன விளையாடினார் என்று கேளுங்கள். கொக்கானில் எத்தனை கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர் என்று கேட்டு எழுதி வையுங்கள். அந்தப் பெயர்கள் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. தமிழ் மன்றத்துக்கு அதைவிட நல்ல ஒப்படை எனக்குத் தெரியவில்லை.

ஊரின் பொது இடங்களைத் திட்டமிடுவோரிடமும் ஒரு வேண்டுகோள். பூங்கா என்றால் ஊஞ்சலும் சறுக்கும் மட்டும் அல்ல. கைக்குழந்தையோடு வரும் தாய் இருக்க நிழல் வேண்டும், பெண்களுக்குச் சுத்தமான மலசலகூடம் வேண்டும், கை கழுவத் தண்ணீர் வேண்டும். இவை இருந்தால் அழைப்பிதழ் இல்லாமலே குடும்பங்கள் வரும்.

பெற்றோரே, நாங்கள் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. நுவரெலியா வேண்டாம், புதிய போன் வேண்டாம், விலை கூடிய விளையாட்டுச் சாமானும் வேண்டாம். மாரி கதவை மூடுமுன் நாலைந்து காலைகள் வேண்டும். அந்தக் காலைகளில் வாப்பாவின் கையைப் பிடித்து நடக்கும் சின்னப் பிள்ளையின் மறு கையை உம்மா பிடித்திருக்க வேண்டும். அதற்கு இந்தக் கிழமையே ஒரு நாளைக் குறித்து வையுங்கள்.